பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவாரா?

"உங்கள் பெயர் எங்கும் வெளியிடப்பட மாட்டாது." மருத்துவமனைப் படிவம், கல்லூரியில் எடுக்கும் கருத்துக் கணிப்பு, கைபேசியில் புதிதாகப் போட்டுக்கொள்ளும் செயலி என்று எதை எடுத்தாலும் இந்த வாக்கியத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படித்ததும் மனம் சற்று நிம்மதி அடைகிறது. கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

இந்த வாக்கியத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் பெயரை நீக்கவே செய்கிறார்கள். ஆனால் அது சொல்லாமல் சொல்லும் இன்னொரு செய்தி உண்டு. பெயர் போய்விட்டது, ஆகவே ஆளும் மறைந்துவிட்டார் என்பதே அது. அந்த இரண்டாவது செய்தியைத்தான் இங்கே ஆராயப் போகிறோம். இதைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சிகளுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து தொடங்குவோம். 1990-களின் நடுவில், அங்கே அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டைக் கவனிக்கும் அரசு அமைப்பு ஒன்று, சுமார் 1,35,000 ஊழியர்கள், குடும்பத்தினர் ஆகியோரின் மருத்துவ விவரங்களை ஆராய்ச்சிக்காகக் கொடுத்தது. நல்ல நோக்கந்தான். எந்த நோய் எங்கே அதிகம், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு செலவு என்பதையெல்லாம் அறிய இவ்விவரங்கள் பயன்படும். பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருந்தன. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, ஜிப் எனப்படும் தபால் குறியீட்டு எண் ஆகிய மூன்றும் மட்டும் நோய், மருந்து விவரங்களோடு சேர்ந்தே இருந்தன. அந்தரங்கத்துக்குப் பங்கம் இல்லை என்று அப்போதைய கவர்னர் வில்லியம் வெல்டு மக்களுக்கு உறுதி கூறினார்.

அந்நாளில் எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த லட்டானியா ஸ்வீனி இதைச் சோதிக்க நினைத்தார். கவர்னர் வெல்டு கேம்பிரிட்ஜ் நகரில் வசிப்பவர் என்பது ஊரறிந்த செய்தி. அந்நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து ஸ்வீனி வாங்கினார். பெயர், முகவரி, ஜிப், பிறந்த தேதி, ஆணா பெண்ணா எல்லாம் அதில் இருந்தன. மருத்துவப் பட்டியலில் பெயர் இல்லை. வாக்காளர் பட்டியலில் நோய் இல்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவாக மூன்று விவரங்கள் இருந்தன. வெல்டு பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் அந்நகரில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். கவர்னரின் ஜிப் பகுதியில் வசித்தவர் ஒருவரே. இப்படியாகக் கவர்னரின் மருத்துவக் குறிப்பு ஸ்வீனியின் மேசைக்கு வந்துவிட்டது.

இதில் பூட்டு எதுவும் உடைக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ரகசியக் குறியீட்டை யாரும் திருடவுமில்லை. இரண்டு பட்டியல்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்ததோடு சரி.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப் போடச் சிறு சிறு அறைகள் கொண்ட அலமாரி இருக்குமல்லவா? அதுபோல ஓர் அலமாரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறந்த தேதிக்கு ஓர் அறை. ஆண்டுக்கு 365 நாள். மனித ஆயுளை 80 ஆண்டு என்று கொண்டால் 29,200 அறைகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி என்றால் 58,400 அறைகள். ஒவ்வொரு தபால் எல்லைக்கும் இப்படி ஓர் அலமாரி. இப்போது மக்களை அவரவர் அறையில் நிற்க வையுங்கள். அறையில் கூட்டம் இருந்தால் ஒருவர் மற்றவர்களுக்குள் ஒளிந்துகொள்ளலாம். தனியாக நின்றால் அவர் அகப்பட்டார்.

1990-இல் அமெரிக்காவின் மக்கள்தொகை ஏறத்தாழ 24.9 கோடி, ஜிப் எல்லைகள் சுமார் 29,000. சராசரியாக ஓர் எல்லைக்கு 8,600 பேர். 58,400 அறைகளில் 8,600 பேரை நிறுத்தினால் பெரும்பாலான அறைகள் காலியாகவே இருக்கும். மக்கள் சமமாகப் பரவியிருப்பதாகக் கொண்டால், நூற்றுக்கு 86 பேர் தம் அறையில் தனியாக நிற்பார்கள். பாய்சான் பரவலைப் படித்த மாணவர்கள் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஸ்வீனி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்களைக் கொண்டு 2000-இல் கண்ட விடை 87 சதவிகிதம்.

இந்த 87 உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் எண்ணாகிவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. பிலிப் கோல் என்ற ஆராய்ச்சியாளர் 2006-இல் இதே கணக்கை மீண்டும் செய்தபோது 63 சதவிகிதந்தான் வந்தது. சராசரி இங்கே ஏமாற்றக்கூடியது. எல்லா ஜிப் எல்லைகளிலும் 8,600 பேர் இல்லை. மக்களில் பெரும்பாலோர் நெருக்கமான பெரிய எல்லைகளில்தான் வாழ்கிறார்கள். அங்கே அறைகளில் கூட்டம் அதிகம். நாம் மேலே போட்ட எளிய கணக்கிலும் இக்குறை உண்டு. ஆயினும் நூற்றுக்கு 63 பேர் அகப்படுவார்கள் என்பது ஆறுதல் தரும் செய்தியா?

நம் நாட்டுக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 140 கோடிக்கும் மேற்பட்ட மக்கள். சுமார் 19,000 பின்கோடு எல்லைகள். எல்லை ஒன்றுக்கு ஏறத்தாழ 74,000 பேர். அறைக்குச் சராசரியாக ஒருவருக்குச் சற்று மேல். தனியாக நிற்பவர்கள் நூற்றுக்கு 28 பேர்தான். நெருக்கமான நகர எல்லைகளில் இன்னும் குறையும். மேலும், பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் வாயில் வந்த ஜூன் மாதத் தேதியையே பிறந்த தேதியாகப் பெற்றவர்கள் நம் முந்திய தலைமுறையில் ஏராளம். அந்தத் தலைமையாசிரியர்கள் தம்மையறியாமல் பலருடைய அந்தரங்கத்துக்குக் காவல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

ஆனால் இந்த 28-ஐப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். மக்களை நான்கு சம கூறாகப் பிரிக்கக்கூடிய ஒரே ஒரு விவரத்தை மட்டும் சேருங்கள். படிப்பாக இருக்கலாம், தொழிலாக இருக்கலாம். அறைகள் நான்கு மடங்காகின்றன; 28 உடனே 73 ஆகிவிடுகிறது. ஒரு படிவத்தில் நாம் நிரப்பும் கட்டங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தனித்தனியே பார்த்தால் எந்தக் கட்டமும் ரகசியம் அன்று. ரத்த வகையைச் சொல்ல யார் தயங்குகிறார்கள்? அவை ஒன்று சேரும்போதுதான் பெயருக்குச் சமமாகின்றன.

ஸ்வீனியின் சோதனைக்கு மறுப்பு எழாமல் இல்லை. டேனியல் பார்த்-ஜோன்ஸ் என்பவர் 2012-இல் எழுதிய கட்டுரையில், கேம்பிரிட்ஜில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வசிக்க, வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 54,000 பேர்தான் என்று சுட்டிக்காட்டினார். பட்டியலில் இல்லாத இன்னொருவர் அதே தேதியில் பிறந்து அதே பகுதியில் இருந்திருக்கலாம் அல்லவா? ஆகவே பட்டியலை மட்டும் கொண்டு உறுதி சொல்ல முடியாது. கவர்னர் 1996 மே மாதம் ஒரு கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் மயங்கி விழுந்ததும் மருத்துவமனைக்குப் போனதும் பத்திரிகைகளில் வந்திருந்ததால்தான் அடையாளம் உறுதிப்பட்டது என்பது அவர் வாதம். புகழ்பெற்றவருக்கு நேர்ந்தது சாதாரண மனிதருக்கு நேராது என்கிறார்.

இந்த மறுப்பில் முதற்பகுதி நியாயமானது. இரண்டாவது பகுதிக்கு அடுத்த ஆண்டே பதில் கிடைத்தது. 2013-இல் ஸ்வீனி வாஷிங்டன் மாநில மருத்துவமனை விவரத் தொகுப்பை 50 டாலருக்கு வாங்கினார். அதிலும் பெயர்கள் இல்லை. விபத்தில் அடிபட்டோ வேறு காரணத்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றிய 81 பத்திரிகைச் செய்திகளை எடுத்துத் தொகுப்போடு ஒப்பிட்டார். 35 செய்திகளுக்கு உரிய நோயாளிக் குறிப்பு தனியாக அகப்பட்டது. இவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சாதாரண மக்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி வந்திருந்தால் போதும். அவர்களுடைய பழைய நோய்கள் உட்பட எல்லாமே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

பிறந்த தேதியையும் ஊரையும் நீக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்க மருத்துவ விதிகளும் அந்த வழியில்தான் சென்றன. நீக்க வேண்டிய 18 வகை விவரங்களைப் பட்டியலிட்டன. பிறந்த ஆண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஜிப் எண்ணில் பொதுவாக முதல் மூன்று இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று வகுத்தன. இது ஓரளவு பயன் தந்த ஏற்பாடு. ஆனால் பட்டியலில் அடங்காத வேறொன்று உண்டு. நாம் அன்றாடம் செய்யும் செயல்களே நம்மைக் காட்டிக்கொடுக்கக் கூடியவை.

நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2006 அக்டோபரில் ஒரு போட்டி வைத்தது. ஒருவருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று தன் கணிப்பொறி சொல்வதைவிட 10 சதவிகிதம் மேலாகச் சொல்லும் முறையைக் கண்டுபிடிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு. போட்டியாளர்களுக்காக 4,80,189 வாடிக்கையாளர்கள் 17,770 படங்களுக்குக் கொடுத்த பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்கள் வெளியிடப்பட்டன. பெயர், வயது, ஊர் எதுவும் இல்லை. ஓர் எண், ஒரு படம், ஒரு மதிப்பெண், ஒரு தேதி, அவ்வளவே.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அரவிந்த் நாராயணன் (சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்), அவருடைய பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவ் ஆகிய இருவரும் இத்தொகுப்பை ஆராய்ந்து 2008-இல் முடிவை வெளியிட்டனர். ஒருவர் மதிப்பெண் கொடுத்த எட்டுப் படங்கள் நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் இரண்டு முற்றிலும் தவறாக இருக்கலாம். தேதிகளும் இரண்டு வாரம் முன்பின்னாக இருக்கலாம். அப்படியும் நூற்றுக்கு 99 பேரைத் தொகுப்பில் தனியாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர்கள் காட்டினர். ஐ.எம்.டி.பி. என்ற திரைப்பட இணையதளத்தில் சொந்தப் பெயரில் மதிப்பெண் போட்டவர்கள் சிலரோடு ஒப்பிட்டு, இருவரை மிக உறுதியாக இனங்கண்டும் காட்டினர். வெளிப்படையாக ஐந்தாறு படங்களைப் பற்றிப் பேசியவர், தனியே பார்த்த மற்றப் படங்கள் அனைத்தும் அதனால் தெரியவந்துவிடுகின்றன. அரசியல், மதம், பாலுறவு நாட்டம் ஆகியவற்றை அவற்றிலிருந்து ஊகிக்க இடம் உண்டு.

காரணம் என்ன? 17,770 படங்களில் ஒருவர் பார்ப்பது சில நூறு. எல்லோரும் பார்க்கும் பிரபலமான படங்கள் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் எப்போதோ ஒருமுறை, வேறு யாரும் அதிகம் பார்க்காத படம் ஒன்றைப் பார்த்துவிடுகிறார். மீண்டும் நம் அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே அறைகளின் எண்ணிக்கை எண்ணிலடங்காது. ஒவ்வொரு மனிதரும் தன்னந்தனியாக, பக்கத்து அறைகளில்கூட யாரும் இல்லாமல் நிற்கிறார். ஆகவே முகவரி சற்றுத் தவறாகச் சொல்லப்பட்டாலும் கடிதம் அவரிடமே போய்ச் சேர்கிறது. இரண்டாவது போட்டி ஒன்றை நடத்த நெட்பிளிக்ஸ் திட்டமிட்டிருந்தது. வழக்கும் அரசின் விசாரணையும் குறுக்கிட, 2010 மார்ச்சில் அதைக் கைவிட்டது.

படம் பார்ப்பதை விடுங்கள். நடமாடுவதை விட முடியுமா? 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசிப் பதிவுகளை ஆராய்ந்த குழு ஒன்று, ஒருவர் எந்த மணி நேரத்தில் எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்தார் என்பதில் நான்கே புள்ளிகள் தெரிந்தால் நூற்றுக்கு 95 பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று 2013-இல் காட்டியது. வீடு, அலுவலகம், போன மாதம் போன கல்யாணம், பொங்கலுக்குப் போன ஊர், நான்கு ஆகிவிட்டது.

இன்னொரு சமாதானத்தையும் அடிக்கடி கேட்கிறோம். "உங்கள் எண்ணை அப்படியே வைத்துக்கொள்வதில்லை, அதைக் கணித முறையில் உருமாற்றிவிட்டோம்" என்பார்கள். ஹாஷ் என்ற இம்முறையில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் பொருளற்ற எழுத்துச்சரம் ஒன்று வரும். சரத்திலிருந்து எண்ணுக்குத் திரும்பி வர நேர்வழி கிடையாது. கணிதம் சரியானதே. ஆனால் நேர்வழி எதற்கு? நியூயார்க் நகரின் 2013-ஆம் ஆண்டு டாக்சிப் பயணங்கள், 17 கோடிக்கும் மேற்பட்டவை, 2014-இல் வெளிவந்தபோது டாக்சி எண்கள் இம்முறையில்தான் மறைக்கப்பட்டிருந்தன. இருக்கக்கூடிய டாக்சி எண்கள் சில கோடிதான். எல்லாவற்றையும் ஒருமுறை உருமாற்றி அட்டவணை போட்டுவிட்டால் எந்தச் சரம் எந்த வண்டி என்று தெரிந்துவிடும். ஒரு மென்பொருள் வல்லுநர் அதைச் சில மணி நேரத்தில் செய்து முடித்தார். நம் கைபேசி எண்களை எண்ணிப் பாருங்கள். பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. மொத்தம் 400 கோடி. மனிதருக்கு இது பெரிய எண். வேகமான ஹாஷ் முறைகளைப் பயன்படுத்தினால், நல்ல கிராபிக்ஸ் அட்டை பொருத்திய கணிப்பொறிக்குச் சில விநாடி வேலை. கூடவே ஒரு ரகசியச் சாவியைக் கலக்காமல் கைபேசி எண்ணை உருமாற்றுவது, கண்ணாடிக் கதவுக்குப் பூட்டுப் போடுவது போன்றது.

அப்படியானால் விவரங்களை யாரிடமும் தரவே கூடாதா? காசநோய் எங்கே பரவுகிறது, எந்த மருந்து பலன் தருகிறது என்பதையெல்லாம் மக்களின் விவரங்கள் இல்லாமல் அறிய முடியாது. பூட்டி வைத்துவிட்டால் நோயாளிக்கே நஷ்டம். இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழிகளில் எனக்கு மிக நேர்மையாகப் படுவது, விடையில் வேண்டுமென்றே சிறிது பிழை கலப்பது.

ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலார் 1965-இல் வெளியிட்ட முறையின் எளிய வடிவம் இது. உங்கள் கல்லூரியில் 1,000 மாணவர்களிடம் "தேர்வில் காப்பி அடித்ததுண்டா?" என்று கேட்க வேண்டும். நேராகக் கேட்டால் யார் உண்மை சொல்வார்? ஆகவே ஒவ்வொருவரும் மறைவாக ஒரு காசைச் சுண்டட்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் மீண்டும் சுண்டி, தலைக்கு "ஆம்", பூவுக்கு "இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். 400 பேர் "ஆம்" என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது காசு சொல்ல வைத்த "ஆம்" ஏறத்தாழ 250. மீதி 150 பேர், உண்மை சொன்ன 500 பேரிலிருந்து வந்தவர்கள். ஆகவே காப்பி அடித்தவர்கள் சுமார் 30 சதவிகிதம். கல்லூரிக்கு வேண்டிய செய்தி கிடைத்துவிட்டது. ஆனால் "ஆம்" என்று சொன்ன எந்த மாணவரையும் பிடித்துக் கேட்க முடியாது. "காசு சொல்லச் சொன்னது, சார்" என்று அவர் சொல்லிவிடலாம்.

2006-இல் சிந்தியா டுவொர்க் முதலிய நால்வர் இக்கருத்தைப் பொதுமைப்படுத்திக் கணித வடிவம் கொடுத்தனர். ஒருவருடைய விவரம் தொகுப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளிவரும் விடை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இதன் சிறப்பு, எதிராளியிடம் வேறு என்னென்ன பட்டியல்கள் இருக்கின்றன என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை என்பதாகும். மற்ற முறைகள் யாவும் அந்த ஊகத்தில்தான் சறுக்கி விழுந்தன. அமெரிக்கா தன் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவுகளை இம்முறையில்தான் வெளியிட்டது.

இதற்கும் ஒரு விலை உண்டு. பெரிய நகரத்தின் எண்ணிக்கையில் பத்து கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுமில்லை. இருநூறு பேர் வாழும் சிற்றூரில் அது பெரிய பிழை. அலபாமா மாநிலம் இதை எதிர்த்து 2021-இல் வழக்கே போட்டது. பிழையின் அளவை எப்சிலான் என்ற எண் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை எவ்வளவு வைப்பது என்பதைக் கணிதம் சொல்லாது. அதிகாரத்தில் இருப்பவர்தான் முடிவு செய்வார். அதை மிகப் பெரிதாக வைத்துவிட்டால் கலக்கும் பிழை பெயரளவுக்கே இருக்கும், பாதுகாப்பும் அப்படியே. ஆகவே நவீன முறையைக் கையாள்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், எப்சிலான் எவ்வளவு என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் நிலை என்ன? அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2019-இல் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவில், அடையாளம் நீக்கிய விவரங்களிலிருந்து மீண்டும் ஆளைக் கண்டுபிடிப்பது குற்றம், மூன்றாண்டு வரை சிறை என்று ஒரு பிரிவு இருந்தது. அம்மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்பிரிவு இல்லை.

அது போனதற்காக நான் அதிகம் வருந்தவில்லை. அப்படிப்பட்ட பிரிவு, விளம்பரத்துக்காக ரகசியமாக ஆள் தேடும் நிறுவனத்தைப் பிடிப்பதற்கு முன், வெளிப்படையாகக் கட்டுரை எழுதும் ஸ்வீனியையும் நாராயணனையும் பிடித்துவிடும். குறை வேறிடத்தில் இருக்கிறது. விவரத்தை வெளியிடுகிறவர், வெளியிடும் முன் அதைச் சோதித்தாக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லும் பிரிவு ஒன்றும் இச்சட்டத்தில் இல்லை. பாலம் கட்டியவர் பாரம் ஏற்றிச் சோதித்துப் பார்க்காமல் ரயிலை விடுவதில்லை. மக்களின் நோய்க் குறிப்புகளை வெளியிடுமுன்னும், தொகுப்பை ஒரு வெளிக்குழுவிடம் கொடுத்து, "ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை பேரைக் கண்டுபிடிக்க முடிகிறது பாருங்கள்" என்று சொல்லலாம். கிடைத்த எண்ணிக்கையைப் படிவத்தில், "உங்கள் பெயர் வெளியிடப்பட மாட்டாது" என்ற வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடலாம்.